ஊதறதுக்கு முன்னாடி பாடிப் பாருங்க: பிராஸ் வாத்தியம், வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "பிராஸ் வாத்தியம் பத்தி என்ன சந்தேகம்னாலும் அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. ட்ரம்பெட்ட விட ஃப்ரெஞ்ச் ஹார்னுக்குத்தான் அதிகம், அதுலயும் முக்கால்வாசி புலம்பல். ஒரே மாதிரி இருந்தத ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: என் பொண்ணு செகண்டரி ஒன்னு, ஸ்கூல் கான்சர்ட் பேண்டுல சேர்ந்தா. ஃப்ளூட் கேட்டா, ஃப்ரெஞ்ச் ஹார்ன் குடுத்துட்டாங்க. நாலு மாசம் ஆச்சு, ஒரு சுரம் ஊதப் போனா வேற சுரம் வருது, பாதி நேரம் உடைஞ்ச சத்தம். கூட சேர்ந்த ட்ரம்பெட் பசங்க பாட்டே வாசிக்கறாங்க. இவளுக்கு இது வராதா? மாத்தச் சொல்லிக் கேக்கலாமா? (ஒரு அம்மா, சிங்கப்பூர்)

அவசரப்பட்டு மாத்தாதீங்கம்மா. அவளுக்கு திறமை இல்லாம இல்ல, அவ கையில இருக்கற குழாயோட நீளம்தான் பிரச்சனை. சுருட்டி வெச்சிருக்கறதால நமக்குத் தெரியறதில்ல, ஆனா எஃப் ஹார்னை பிரிச்சு நேரா நீட்டினா கிட்டத்தட்ட 12 அடி வரும், ட்ரம்பெட் நாலரை அடிதான். இப்ப எந்தக் குழாய எடுத்துகிட்டாலும் விரல மாத்தாம உதட்ட மட்டும் மாத்தி ஊதினா எல்லா சுரமும் வராது, ஒரு வரிசையில சில சுரம் மட்டும்தான் வரும். அடியில ஒரு ச, அதுக்கு ஒரு ஸ்தாயி மேல ச, அப்புறம் ப, திரும்ப ச, க, ப, கொஞ்சம் இறங்கின நி, ச, அதுக்கு மேல ரி, க, ம ன்னு நெருங்கி நெருங்கி போகும். தம்புராவுல சட்ஜமும் பஞ்சமமும்தான் மீட்டறோம், ஆனா கூர்ந்து கேட்டா அந்தர காந்தாரம் தானா கேக்கும்ல, அந்தக் கணக்கேதான் இதுவும். ஒரு படிக்கட்டுல கீழ் படியெல்லாம் ஆள் உயரத்துக்கு இருந்து மேல போகப்போக விரக்கடை அளவுக்கு வந்துட்டா எப்படி இருக்கும், அப்படி வெச்சுக்கோங்க. ட்ரம்பெட் பசங்க ஆரம்பத்துல கீழ் படியில நிக்கறாங்க, தடுமாறினாலும் அடுத்த படிக்குப் போய் விழ மாட்டாங்க. உங்க பொண்ணு அதே உயரத்துல வாசிக்கறதுக்கு நீளமான குழாயோட மேல் படியில நிக்கணும், அங்க உதடு ஒரு நூல் விலகினாலும் பக்கத்து சுரம் வந்துடும். பெரிய பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுல சம்பளம் வாங்கற ஹார்ன் காரங்களுக்கே மேடையில சுரம் உடையறது உண்டு, அந்த உலகத்துல யாரும் அத பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

இன்னொரு காரணமும் இருக்கு, இது பேண்டு புத்தகத்தோட கோளாறு. எல்லா வாத்தியமும் சேர்ந்து ஆரம்பிக்கணும்ங்கறதுக்காக பெரும்பாலான ஆரம்பப் புத்தகங்கள் பியானோவோட பி ஃப்ளாட்லேர்ந்து எஃப் வரைக்கும் முதல் அஞ்சு சுரத்த வெச்சுடும். க்ளாரினெட்டுக்கும் ட்ரோம்போனுக்கும் அது சௌகரியம், ஆனா புது ஹார்ன் பிள்ளைக்கு அது உயரமான இடம். அதனால முதல் வாரத்துலேர்ந்தே உதட்ட இறுக்கிப் பிடிக்கப் பழகிடுவாங்க. வீட்டுல அவ தனியா பயிற்சி பண்ணும்போது ஹார்ன் தாள்ல எழுதியிருக்கற நடு சி, அதுக்கு மேல ஒரு ஜி, அவ்ளோ எல்லைக்குள்ளயே ஒரு மாசம் இருக்கச் சொல்லுங்க.

அப்புறம் முக்கியமான ஒண்ணு, அவள பாடச் சொல்லுங்க. ஃபோன்ல பியானோ ஆப் எதுலயாவது அந்த சுரத்த அழுத்தணும், ம்ம்ம்னு முனகணும், அது கரெக்டா சேர்ந்ததுக்கு அப்புறம் ஊதணும். ட்ரம்பெட்ல விரல் கொஞ்சம் காப்பாத்தும், ஹார்ன்ல காது மட்டும்தான் காப்பாத்தும். மனசுல சுரம் இல்லாம ஊதினா குழாய் அதுக்குத் தோணினத குடுத்துட்டு போயிடும். பேண்டுல சுத்தி இருக்கறவங்க சத்தத்துல அவளுக்கு தன்னோட சத்தமே கேட்டிருக்காது, அதனால வீட்டுல பத்து நிமிஷம்னாலும் தனியா வேணும். வருஷக் கடைசியிலயும் ஃப்ளூட்தான் வேணும்னு கேட்டான்னா அப்ப டீச்சர்கிட்ட பேசுங்க, அது வேற விஷயம்.

கேள்வி: சாக்ஸபோன் முழுக்க பித்தளையில தானே இருக்கு, அத ஏன் பிராஸ்ல சேர்க்க மாட்டேங்கறாங்க? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

உடம்பு எதுல செஞ்சதுங்கறத வெச்சு பிரிக்கறதில்ல, எது அதிருதுங்கறத வெச்சுதான். சாக்ஸ்ல நாணல் ரீட் அதிருது, அதனால அது க்ளாரினெட் குடும்பம், அதாவது உட்விண்ட். அடால்ஃப் சாக்ஸ் 1846ல பேடன்ட் வாங்கினப்பவே அது அப்படித்தான். நம்ம கத்ரி கோபால்நாத் வாசிச்சதும் அந்தக் கணக்குல உட்விண்ட்தான். உதடே அதிர்ந்தா அது பிராஸ் குடும்பம், மரத்துல செஞ்சாலும் சரி. அந்தக் கணக்குப்படி பார்த்தா கோயில்ல ஊதற கொம்பு, எக்காளம், திருச்சின்னம், ஏன் சங்கு கூட ஹார்னுக்கு சொந்தக்காரங்க. சங்க ஊதத் தெரிஞ்ச ஒருத்தருக்கு மவுத்பீஸ்ல (உதட்ட வெச்சு ஊதற சின்னக் கிண்ணம்) முதல் சத்தம் வரவழைக்க அஞ்சு நிமிஷம் போதும், நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: பையன் கிரேடு 7, ட்ரம்பெட் எடுத்திருக்கான். அடுத்த மாசம் பல்லுக்கு பிரேசஸ் போடப் போறாங்க. விட்டுடணுமா? (டொரன்டோ)

விட வேணாம். ஆனா முதல் சில வாரம் சத்தம் மோசமாயிடும், உதட்டு உள்பக்கம் கம்பி குத்தும், இத முன்னாடியே அவன்கிட்டயும் டீச்சர்கிட்டயும் சொல்லி வெச்சுடுங்க. பல் டாக்டர்கிட்ட மெழுகு கேட்டு வாங்குங்க, கம்பி மேல மாட்டற கவர் மாதிரியும் கிடைக்குது. ட்ரம்பெட், ஹார்ன் ரெண்டுலயும் மவுத்பீஸ் சின்னது, அழுத்தம் எல்லாம் ஒரே இடத்துல விழும். அதனால அழுத்தாம ஊதக் கத்துக்க இது ஒரு கட்டாய வாய்ப்பு. ரொம்பவே வலிச்சா யூஃபோனியம் மாதிரி பெரிய மவுத்பீஸுக்கு தற்காலிகமா மாறலாம், விரல் போடற முறை கிட்டத்தட்ட அதேதான், நஷ்டமில்ல. பிரேசஸ் எடுத்த நாள்ல திரும்பவும் ஒரு தடுமாற்றம் வரும், அப்ப ஏதாவது கச்சேரியோ பரீட்சையோ இல்லாம பார்த்துக்கோங்க.

கேள்வி: ஐடில வேலை, 34 வயசு. சினிமா பின்னணி இசையில ஹார்ன் சத்தம் கேட்டு கேட்டு ஆசை வந்துடுச்சு. ஃப்ளாட்ல இருக்கேன், பக்கத்து வீட்டுக்காரங்க நினைச்சா பயமா இருக்கு. வீடியோ பார்த்தே கத்துக்கலாமா? எந்த ஹார்ன் வாங்கறது? (சென்னை, வேளச்சேரி)

ஆசை நல்ல ஆசை. வீடியோ விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். விரல் போடறது, நோட்டு படிக்கறது இதெல்லாம் வீடியோவுல தாராளமா கத்துக்கலாம், ஆனா உதட்ட எப்படி வெச்சிருக்கீங்க, தோள்பட்டைய தூக்கி மூச்சு இழுக்கறீங்களா, இத உங்களப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். முதல் ஆறு மாசம் மட்டுமாவது ஒருத்தர்கிட்ட போங்க, ஆன்லைன் கிளாஸ்னாலும் சரி, கேமராவ வாய்க்கு பக்கத்துல வெச்சுக்கோங்க. ஹார்ன் டீச்சர் கிடைக்கலன்னா நல்ல ட்ரம்பெட் டீச்சர் கூட ஆரம்பத்துக்கு போதும்.

சத்தத்துக்கு ப்ராக்டிஸ் ம்யூட்னு ஒண்ணு இருக்கு, பெல்லுக்குள்ள (வாத்தியத்தோட விரிஞ்ச வாய்) சொருகிடலாம், யமஹாவோட சைலன்ட் பிராஸ்னு ஹெட்ஃபோன்ல கேக்கற மாதிரியும் வருது. ராத்திரிக்கு வசதி. ஆனா இதுல ரெண்டு சிக்கல். மூச்ச எதிர்த்து தள்ளும், சுருதியும் கொஞ்சம் விலகும். ஹார்னுக்குன்னு தனியா இன்னொண்ணு: வலது கை பெல்லுக்குள்ள இருந்தாத்தான் ஹார்னுக்கு அந்த இருட்டான, வட்டமான நாதம் வரும், ம்யூட் சொருகிட்டா கைக்கு அங்க வேலையே இல்ல. வருஷம் முழுக்க ம்யூட்லயே வாசிச்சவரு ஒரு நாள் திறந்து வாசிச்சா கைய என்ன பண்றதுன்னு முழிப்பாரு. அதனால பக்கத்து வீட்டுல நேராவே போய் "சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஏழு வரைக்கும் பொறுத்துக்கோங்க"ன்னு கேட்டுடுங்க, நேரம் நிச்சயமா தெரிஞ்சா ஜனங்க சகிச்சுக்கறாங்க. துணி நிறைஞ்ச பீரோவத் திறந்து பெல் அது பக்கமா இருக்கற மாதிரி உக்காந்து ஊதறது பழைய தந்திரம், நல்லாவே வேலை செய்யும்.

வாங்கறதுன்னா டபுள் ஹார்ன். எஃப் பக்கம் 12 அடி, கட்டைவிரல் வால்வ (காத்து போற குழாயோட நீளத்த மாத்தற பொத்தான்) அழுத்தினா பி ஃப்ளாட் பக்கம், சுமாரா 9 அடி, உயரமான சுரத்துக்கு அது கொஞ்சம் பத்திரமான இடம். சின்னப் பசங்களுக்கு எடை அதிகம்னு சிங்கிள் குடுப்பாங்க, உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. இணையத்துல நம்ப முடியாத மலிவு விலைக்கு புதுசா கிடைக்கறதுக்கு, நல்ல கம்பெனியோட பழசு எவ்வளவோ மேல். பழசு வாங்கும்போது வால்வ அழுத்தாம அதோட ஸ்லைட (இழுத்து நீட்டற குழாய்த் துண்டு) கொஞ்சம் வெளிய இழுத்துட்டு அப்புறம் வால்வ அழுத்துங்க, "பொப்"னு ஒரு சத்தம் வரணும், வரலன்னா வால்வு தேஞ்சு காத்து கசியுதுன்னு அர்த்தம். பெல்லுல இருக்கற நெளிவு அழகுப் பிரச்சனைதான், மவுத்பீஸ் சொருகற குழாயில நெளிவு இருந்தா வேணாம்னு வந்துடுங்க.

அப்புறம், வாங்கறதுக்கு முன்னாடியே கேக்க ஆரம்பிங்க. ஹார்ன் மேதை டென்னிஸ் ப்ரெயின் 1953ல ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர் காராயனோட சேர்ந்து பதிவு பண்ணின மொஸார்ட் ஹார்ன் கான்செர்ட்டோ நாலும் இன்னிக்கும் கிடைக்குது, மனுஷன் 1957ல கார் விபத்துல 36 வயசுல போயிட்டாரு. அந்த நாதம் காதுல ஏறினதுக்கு அப்புறம் உங்க உதடு எதத் தேடணும்னு அதுக்கே தெரியும்.

கேள்வி: பேத்தி ட்ரம்பெட் படிக்கணும்ங்கறா. பொம்பளப் பிள்ளைக்கு அவ்வளவு மூச்சு பத்துமா? (பாட்டி, தஞ்சாவூர்)

பத்தும் பாட்டி. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்ல 2001ல சாரா வில்லிஸ் ஹார்ன் வாசிக்க சேர்ந்தாங்க, அந்த ஆர்க்கெஸ்ட்ரா பிராஸ் வரிசையில உக்காந்த முதல் பெண் அவங்கதான். பத்தாம இருந்தது மூச்சு இல்ல, இடம் குடுக்கற மனசு. வாங்கிக் குடுங்க.

கேள்வி: நான் ஸ்கூல் பாண்ட்ல ட்ரம்பெட் வாசிக்கிறனான். ஒரு மணித்தியாலம் வாசிச்சா உதடு வீங்கி மரத்துப் போகுது. மேல் நோட் வரேல்லை எண்டா இன்னும் இறுக்கி அழுத்தி ஊது எண்டு சீனியர் அண்ணாமார் சொல்லினம். அப்பிடித்தானோ செய்யோணும்? (யாழ்ப்பாணம்)

இல்ல தம்பி, அதச் செய்யாதீங்க. மவுத்பீஸ உதட்டுல அழுத்தினா அந்த இடத்துல ரத்த ஓட்டம் குறையுது, தசை சீக்கிரம் ஓயுது, அதுக்குத்தான் மரத்துப் போறது. அழுத்தி ஒரு மேல் நோட்டு கிடைச்சிடும், அதுதான் மயக்கமே, ஆனா அந்த ஒண்ணுக்கு பின்னாடி வர்ற பத்து நோட்டும் போயிடும். மேல போகணும்னா உதட்டோட ஓரங்கள் கெட்டியா இருக்கணும், காத்து வேகமா போகணும், கை சும்மா வாத்தியத்த தாங்கிட்டு இருந்தா போதும். ட்ரம்பெட்ல வலது கை சுண்டு விரலுக்கு ஒரு கொக்கி இருக்கும்ல, பயிற்சியில அதுல விரல மாட்டாதீங்க. அழுத்தறவங்க எல்லாரும் அந்தக் கொக்கியப் பிடிச்சுத்தான் தங்களையே அறியாம இழுக்கறாங்க.

ஒரு மணித்தியாலத்த ஒரே மூச்சா வாசிக்கறதும் தப்பு. பத்து நிமிஷம் வாசிச்சா கிட்டத்தட்ட அதே அளவு இளைப்பாறணும், அந்த இடைவெளியில சும்மா இருக்காம வாசிக்கப் போற வரிய விரல் போட்டுகிட்டே பாடுங்க, உதடு ஓய்வு எடுக்கும், மூளை எடுக்காது. முடிக்கும்போது கீழ் சுரத்துல மெதுவா நீளமா ரெண்டு மூணு ஊதிட்டு முடிங்க, வீக்கம் தணியும். வீங்கின உதட்டோட வீரம் காட்ட ஊதறது வேணவே வேணாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தும் மரப்பு போகலன்னா நாலஞ்சு நாள் வாத்தியத்த தொடாதீங்க, அதுக்கப்புறமும் இருந்தா டாக்டர். அண்ணாமாரோட சண்டைக்குப் போகாதீங்க, அவங்களுக்கும் அவங்க அண்ணாமார் சொன்னதுதான்.

கேள்வி: சர்ச் கொயருக்கு கீபோர்டு வாசிக்கறேன். ஊருக்கு வந்திருந்த ஒரு ஹார்ன் பிளேயருக்காக கீபோர்டுல நான் வாசிக்கற மெலடிய அப்படியே எழுதிக் குடுத்தேன், வாசிச்சா எல்லாமே தப்பா வந்துது. அவரு சரியாத்தான் வாசிச்சேங்கறாரு. (திருநெல்வேலி)

அவரு சொல்றது சரி. ஹார்ன் தாள்ல சி ன்னு எழுதினா காதுல கேக்கறது அதுக்குக் கீழ இருக்கற எஃப். நம்ம பாஷையில சொன்னா ஹார்னோட ச நாலு கட்டை, அவங்க எப்பவும் ச வ சி ன்னுதான் எழுதிப்பாங்க. அதனால நீங்க வாசிக்கறத அஞ்சாவது சுரம் தூக்கி எழுதணும், கீபோர்டு சி வேணும்னா தாள்ல ஜி. ட்ரம்பெட்டுக்கு இதே மாதிரி ஒரு முழு சுரம் தூக்கணும்.

இது எதுக்கு இப்படின்னு கேட்டா கதை பெருசு. வால்வு வர்றதுக்கு முன்னாடி ஹார்ன்ல அந்த ஒரு படிக்கட்டு வரிசை மட்டும்தான். சுருதி மாறினா, அதாவது கீ மாறினா, குழாயோட ஒரு துண்டக் கழட்டிட்டு வேற நீளத் துண்ட மாட்டிப்பாங்க, தாள்ல சி சி யாவே இருக்கும், குழாய்தான் மாறும். நடுவுல விட்டுப்போன சுரத்த எல்லாம் பெல்லுக்குள்ள இருக்கற கையை மூடித் திறந்து எடுத்தாங்க, மொஸார்ட் தன் ஹார்ன் கார சிநேகிதர் லோய்ட்கெப்புக்கு எழுதினதெல்லாம் அப்படி வாசிச்சதுதான் (அந்தக் கையெழுத்துப் பிரதியில லோய்ட்கெப்ப வம்புக்கு இழுத்து மொஸார்ட் எழுதி வெச்ச கிண்டல் தனி ரகம்). ஸ்டோல்ட்செல், ப்ளூமெல்னு ரெண்டு பேர் சேர்ந்து 1818ல வால்வுக்கு பேடன்ட் வாங்கினாங்க. அதுக்கப்புறமும் பிராம்ஸ் 1865ல ஹார்ன் ட்ரையோ எழுதினப்ப வால்வு இல்லாத ஹார்னத்தான் மனசுல வெச்சு எழுதினாரு. அந்தப் பழைய தாளெல்லாம் "ஹார்ன் இன் டி", "ஹார்ன் இன் ஈ ஃப்ளாட்"ன்னு இருக்கும், இன்னிக்கு எஃப் ஹார்ன் வெச்சிருக்கறவங்க பார்த்துகிட்டே மனசுல மாத்தி வாசிக்கணும். ச எங்க வெச்சாலும் பாடற நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு இது மத்தவங்க அளவுக்கு கஷ்டமா இருக்கறதில்ல.

இன்னொண்ணு, அவரு தாள்ல தொடர்ந்து மேல் ஜி, மேல் ஏ ன்னு எழுதித் தொலைக்காதீங்க. மூச்சு விட இடம் விட்டு எழுதுங்க, கீபோர்டுக்கு மூச்சு வேணாம், மனுஷனுக்கு வேணும்.

கேள்வி: மூணு தலைமுறையா பேண்டு செட். நான் யூஃபோனியம், தம்பி ட்ரம்பெட், எல்லாமே கேட்டு வாசிக்கறதுதான், நோட்டு படிக்கத் தெரியாது. பையனுக்கு 11 வயசு, முறையா படிக்க வெக்க ஆசை. நம்ம பழக்கம் அவனுக்கு இடைஞ்சலா போயிடுமா? (மதுரை)

ஐயா, இடைஞ்சலே இல்ல, அது சொத்து. ஒரு பாட்டு காதுல விழுந்ததும் எந்த சுருதியில வேணும்னாலும் எடுத்து வாசிக்கறீங்களே, நோட்டு மட்டும் படிச்சு எட்டாவது கிரேடு முடிச்ச பிள்ளைங்க பல பேருக்கு அது வராது. நான் கிளாஸ்ல முதல் ரெண்டு வருஷம் மன்றாடி உண்டாக்கறது அந்தக் காததான். பையன உங்க கூட வாசிக்கறத நிறுத்தச் சொல்லாதீங்க.

சேர்க்க வேண்டியது மூணு விஷயம், அதுல நோட்டு படிக்கறது ரொம்ப சுலபமானது, தினம் கால் மணி நேரம் உக்காந்தா ஒரு வருஷத்துல வந்துடும். கஷ்டமானது சின்னதா வாசிக்கறது. ரோட்டுல ஊர்வலத்துக்கு முன்னாடி, ட்ரம் செட்டுக்கு மேல கேக்கணும்னு வாசிச்சுப் பழகினவங்களுக்கு எப்பவும் முழு சத்தம்தான் கைவசம் இருக்கும். மெல்ல ஆரம்பிச்சு, சுருதி இறங்காம ஏத்தி, திரும்ப மெல்ல கொண்டுவந்து முடிக்கறது, ஒரே சுரத்த ட்யூனர் முள்ளு ஆடாம பிடிக்கறது, இதுலதான் அவன் நிறைய நேரம் செலவழிக்கணும். மூணாவது வாத்தியம். மீரட்ல செஞ்சு வர்ற வாத்தியங்கள்தான் நம்ம ஊர் செட்டுங்க பெரும்பாலும் வெச்சிருக்கறது, தொழிலுக்கு அது சரி, ஆனா வாங்கும்போது ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும். அவனுக்குன்னு ஒண்ணு எடுக்கும்போது வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர வெச்சு நாலஞ்ச ஊதிப் பார்த்து சுருதி சேர்றத எடுங்க.

பரீட்சை எழுதணும்னா ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம்னு லண்டன் இசைத் தேர்வு வாரியங்கள் ரெண்டும் இருக்கு. ஏபிஆர்எஸ்எம்ல 6ம் கிரேடோ அதுக்கு மேலயோ எழுதணும்னா 5ம் கிரேடு தியரியோ அதுக்கு சமமானதோ முடிச்சிருக்கணும், ட்ரினிட்டில அந்தக் கட்டாயம் இல்ல, உங்க பையனுக்கு அங்க ஆரம்பிக்கறது லேசு. வேலைன்னு யோசிச்சா போலீஸ் பேண்டு, ராணுவ பேண்டு இருக்கு. வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் பேண்டு கேட்டிருப்பீங்க. ராணுவ இசைக்காரங்களுக்கு மத்தியப் பிரதேசத்துல பச்மடியில தனி பயிற்சிப் பிரிவே இருக்கு. அங்க போற பசங்களுக்கு நோட்டு படிக்கறது அவசியம், காது இருந்தா மத்தவங்கள விட சீக்கிரம் மேல வருவாங்க.

கேள்வி: பேரனோட ஹார்ன் கறுத்துப் போச்சு. வீட்டுல பித்தளைப் பாத்திரமெல்லாம் புளி போட்டுத்தான் தேய்ப்பேன், தங்கம் மாதிரி ஆயிடும். இதுக்கும் போடலாமான்னு கேட்டா மருமக கத்தறா. (ஜோகூர்)

இந்த ஒரு தடவை மருமக பக்கம் நிக்கறேன், கோவிச்சுக்காதீங்க. புதுசா வர்ற ஹார்ன் மேல பெரும்பாலும் லாக்கர்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும், புளியோ, பித்தளை பவுடரோ, தேங்காய் நாரோ போட்டா அந்தப் பூச்சு கீறி, உரிஞ்சு, திட்டுத் திட்டா ஆயிடும். அத விட மோசம் வால்வு. ஹார்ன்ல இருக்கற ரோட்டரி வால்வுக்கும் (உள்ள சுழலற வகை) அதோட கூட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தலைமுடிய விட மெல்லிசு, அங்க கொஞ்சம் பவுடர் போனா அரைச்சு எடுத்துடும், அப்புறம் ரிப்பேர்காரர்தான். பூச்சு இல்லாத ஹார்ன் கறுத்தா அது கெட்டுப் போனதும் இல்ல, நிறைய பேர் அந்தக் கறுப்பு பிடிச்சுத்தான் அப்படியே வாங்கறாங்க.

பண்ண வேண்டியது: வாசிச்சு முடிச்சதும் மெத்துனு ஒரு பழைய பருத்தித் துணியால துடைக்கணும், கை பட்ட இடத்த கட்டாயம், வேர்வைதான் எதிரி. உள்ள இருக்கற தண்ணிய ஸ்லைட உருவி, ஹார்ன சுத்தி சுத்தி திருப்பி வெளிய விடணும். அது எச்சின்னு அருவருக்க வேணாம், பெரும்பாலும் மூச்சுல இருக்கற ஈரம் குளிர்ந்து தண்ணியானது. வால்வுக்கு ரோட்டர் ஆயில், ஸ்லைடுக்கு கிரீஸ், நல்லெண்ணெய் கூடாது. மவுத்பீஸ் மாட்டிகிச்சுன்னா தாத்தா குறடு எடுத்துட்டு வருவாரு, விடாதீங்க, அத எடுக்கத் தனி கருவி இருக்கு, கடையில அரை நிமிஷ வேலை. குழாய் மேல உள்ளேர்ந்து வர்ற மாதிரி சிவப்பா புள்ளி புள்ளியா தெரிஞ்சா மட்டும் ரிப்பேர்காரர்கிட்ட காட்டுங்க, பித்தளையில இருக்கற துத்தநாகம் அரிச்சுகிட்டு இருக்குன்னு அர்த்தம். மைலோ குடிச்சிட்டு நேரா போய் ஊதற பழக்கம் இருந்தா வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க, சர்க்கரை எல்லாம் உள்ள போய் ஒட்டிக்கும்.

கேள்வி: பள்ளி பேண்டு என் பொறுப்புல வந்துடுச்சு. நான் க்ளாரினெட் வாசிச்சவ. பிராஸ் பிள்ளைங்களுக்கு, குறிப்பா ஹார்ன் வரிசைக்கு, யாரத் தேர்ந்தெடுக்கறது, எப்படி ஆரம்பிக்கறது? (ஆசிரியை, கிள்ளான்)

டீச்சர், உதடு தடிப்பு, பல் வரிசை பார்த்து வாத்தியம் குடுக்கற பழக்கத்த விட்டுடுங்க. ஹார்னுக்கு நான் ஒரே ஒரு சோதனைதான் வெப்பேன்: பியானோவுல மூணு சுரம் அடிச்சுட்டு பாடச் சொல்றது. கூச்சப்பட்டாலும் அந்த மூணையும் சரியா பிடிச்சா அந்தப் பிள்ளைக்கு ஹார்ன். குரல் நல்லாருக்கணும்னு இல்ல, இடம் சரியா இருக்கணும். பிடிக்க முடியாத பிள்ளைய ஹார்ன்ல போட்டா ரெண்டு வருஷம் அதுவும் அழும் நீங்களும் அழுவீங்க. அந்தப் பிள்ளைக்கு பாரிட்டோன், யூஃபோனியம் குடுங்க, சந்தோஷமா இருக்கும், காதும் மெல்ல வந்துடும்.

மவுத்பீஸ் வைக்கற இடம்: ஹார்னுக்கு மேல் உதடு மூணுல ரெண்டு பங்கு, கீழ் உதடு ஒரு பங்குன்னு சிகாகோ சிம்ஃபனியில ஹார்ன் வாசிச்ச ஃபிலிப் ஃபார்காஸ் எழுதி வெச்சது இன்னிக்கும் நல்ல ஆரம்பம். அளவுகோல் வெச்சு அளக்காதீங்க, கண்ணாடி முன்னாடி பிள்ளைங்களே பார்த்துக்கட்டும். மூச்சப் பத்தி "டயாஃப்ரத்துலேர்ந்து ஊது", "வயித்த இறுக்கு"ன்னு சொல்லவே சொல்லாதீங்க, சொன்னதும் உடம்பு மொத்தமும் கல்லாயிடும். அதே சிகாகோவுல 1944லேர்ந்து 1988 வரைக்கும் ட்யூபா வாசிச்ச ஆர்னால்ட் ஜேக்கப்ஸ், நுரையீரல் பலம் குறைவான மனுஷன், ஆனா உலகத்துல பாதி பிராஸ் காரங்க மூச்சுக்காக அவருகிட்டதான் போய் நின்னாங்க. அவரு சொன்னது மொத்தமும் ரெண்டே விஷயத்துல அடங்கிடும், மனசுல பாட்டு ஓடணும், காத்து தாராளமா போகணும், தசையப் பத்தி யோசிக்காதே.

நடைமுறைக்கு: முதல் பத்து நிமிஷம் வாத்தியம் பெட்டியிலயே இருக்கட்டும். எல்லாரும் பாடணும், அப்புறம் மவுத்பீஸ் மட்டும், அதுக்கப்புறம் வாத்தியம். ஹார்ன் பிள்ளைங்கள முதல் மாசம் மட்டும் தனி அறைக்கு அனுப்பி அவங்களுக்கு சௌகரியமான சுரத்துல ஆரம்பிங்க, சிங்கப்பூர் அம்மாவுக்கு மேல எழுதினதப் பாருங்க. கிளாஸ் முடிவுல எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கணும்ங்கற அவசரம் நிர்வாகத்துக்கு இருக்கும், ஹார்னுக்கு அந்தப் பாட்டுல நீளமா நிக்கற கீழ் சுரங்கள் ரெண்டு மூணு எழுதிக் குடுத்துடுங்க, யாருக்கும் தெரியாது. உடைஞ்ச சுரத்துக்கு முகம் சுளிக்காதீங்க. பயந்த பிள்ளை சின்னதா ஊதும், சின்னதா ஊதினா இன்னும் உடையும், நான் பார்த்த ஹார்ன் பிள்ளைங்க விட்டுட்டுப் போனதுக்கு பாதி காரணம் பேண்ட நடத்தற கண்டக்டரோட மூஞ்சிதான்.

கேள்வி: மத்த பிராஸ் வாத்தியத்துல எல்லாம் வலது கைக்குத்தானே விரல் வேலை, ஹார்ன்ல மட்டும் ஏன் இடது கை? (மாணவன், திருச்சி)

வால்வு வர்றதுக்கு முன்னாடி சுரத்த மாத்தற சாமர்த்தியமெல்லாம் பெல்லுக்குள்ள இருந்த வலது கையோடது, இடது கை சும்மா பிடிச்சிருந்துது. வால்வு வந்ததும் அந்த வேலைய சும்மா இருந்த கைக்கு குடுத்துட்டாங்க, அவ்ளோதான். ஜெர்மனியில ஃபீலிக்ஸ் க்ளீஸர்னு ஒருத்தர், 1991ல பொறந்தவர், பொறக்கும்போதே ரெண்டு கையும் கிடையாது. ஹார்ன ஸ்டாண்டுல மாட்டி இடது கால் விரலால வால்வ அழுத்தறாரு, பெல்லுக்குள்ள கை வெச்சு வர்ற நாதத்த உதட்டாலயே கொண்டு வர்றாரு, உலகம் முழுக்க தனிக் கச்சேரி பண்றாரு. நீங்க இடது கைக்காரரா இருந்தா யோசிக்காம ஹார்ன் எடுங்க.